மனையும் மழலையும்

(இளைஞர் மன்றத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் ஏறுபவர் நாட்டைப் பற்றியோ மொழியைப் பற்றியோ முழங்குவது வழக்கம். அவற்றை முழங்க எமக்குப் பின்னால் இருவர் காத்திருக்கின்றனர். ஆகவே நாம் வீட்டை விட்டு வெளியே போகாமல், அங்கே சிறு பிள்ளைகள் நாள்தோறும் ஆடும் கூத்தைப் பற்றிச் சிறிது பேச எண்ணியுள்ளோம். "எங்களுக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை, இது எங்களுக்கு எதற்கு?" என்று முன்வரிசை இளைஞர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். நீங்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒரு பிள்ளைக்குச் சித்தப்பா, யாரோ ஒரு பிள்ளைக்கு மாமா, மாமி, சின்னம்மா. பிள்ளைகளுக்குக் குழப்படி பழக்குவதில் பெற்றாரிலும் பார்க்க உங்களுக்கே பங்கு அதிகம் என்பது வீட்டுப் பெரியவர்கள் அறிந்த இரகசியம்.

பெரியோர் பேசத் தகாத பொருளும் இதுவன்று. நெய்ச்சோற்றை உண்பதிலும் உடம்பிலே பூசுவது அதிகமாயிருக்கும் ஒரு பிள்ளை வீட்டில் இல்லாவிடில், எவ்வளவு செல்வம் இருந்தும் வாழ்ந்த நாளுக்குப் பயனில்லை என்று புறநானூற்றிலே பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. அவன் அரசன், சிந்திய சோற்றைக் கூட்டித் துடைக்க அரண்மனையிலே ஆள் இருந்திருக்கும். ஆயினும் அவன் கண்டது உண்மையே. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களோ பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுத்து, மூன்றாம் மாதத்திலே தொடங்கி இருபத்தோராம் மாதத்தோடு நிறுத்திக்கொண்டனர். ஏன் அங்கே நிறுத்தினர் என்று நாம் பலகாலம் யோசித்ததுண்டு. இரண்டு வயதானதும் பிள்ளை கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். மறுமொழி சொல்ல அஞ்சியே புலவர்கள் ஏட்டைக் கட்டி வைத்தனர் போலும்!

அந்தப் பத்திலே அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. நிலாவைப் பிள்ளையோடு விளையாட வரும்படி அழைப்பது அது. அழைப்பதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் கையாளுவர். நீயும் என் பிள்ளையும் ஒப்பு என்பது சாமம். நீ ஒப்பாக மாட்டாய், உனக்குக் களங்கம் உண்டு என்பது பேதம். வந்தால் இன்ன நன்மை கிடைக்கும் என்பது தானம். வராவிடில் என்ன நடக்கும் தெரியுமா என்பது தண்டம். இவ்வளவும் சொல்லியும் நிலா இறங்கி வந்ததாக நாம் படித்ததில்லை.

இதே நான்கு உபாயமும் இன்றைக்கும் எமது வீட்டுக் குசினிகளிலே மூன்று வேளையும் நடைபெறுகின்றன. "என்ரை ராசா எல்லே, ஒரு வாய்" என்று தாய் தொடங்குவார். அது சாமம். "அக்காவைப் பார், சாப்பிட்டு முடிச்சிட்டா" என்பது பேதம். "இந்தப் பிடியை வாங்கினால் ஒரு கண்டோஸ்" என்பது தானம். மூன்றும் பலியாத போது பேய் வரும், பொலிஸ் வரும், ஊசி போடுகிற மிஸ்ஸியும் வருவார். நிலாவைப் போலவே பிள்ளையும் அசைவதில்லை; ஆனால் நிலாவைப் போலன்றிப் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டு மனத்திலே பதித்துக்கொள்கிறது.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மூன்று வயதுப் பையன் ஒருவனை ஊசியைக் காட்டியே வளர்த்து வந்தார்கள். ஒருநாள் குடும்பநல உத்தியோகத்தர் அவன் தங்கையின் நிறை பார்ப்பதற்காக வீட்டுக்கு வந்துவிட்டார். பையன் ஓடவுமில்லை, அழவுமில்லை. நேரே போய் அம்மம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னே நிறுத்தினான். "மிஸ்ஸி, நான் சாப்பிட்டிட்டன். அம்மம்மாதான் இண்டைக்கு விரதம், ஒண்டும் சாப்பிடேல்லை. அவவுக்குப் போடுங்கோ" என்றான். எங்கள் தண்டனைச் சட்டத்தை எங்களிலும் நன்றாகப் படித்து வைத்திருப்பவர்கள் பிள்ளைகளே.

பிள்ளை எங்கள் சொல்லைச் சொன்னபடியே கொள்ளும். வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. தகப்பனாருக்குத் தலைக்கு மேல் வேலை என்று தாய் சொன்னால், பிள்ளை தகப்பனாரின் தலையைப் பார்க்கும், பிறகு கூரையைப் பார்க்கும், பிறகு எங்கே என்று கேட்கும். நேற்றும் நாளையும் அதற்கு ஒன்றே. "நேற்று அம்மம்மா வீட்டை போவம்" என்று அது சொன்னால் நாம் திருத்துகிறோம். ஆனால் அது எதைக் குறித்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது.

இந்தச் சொன்னபடி கொள்ளும் குணத்தால் ஒரு வீட்டிலே நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஆச்சி ஒருவர், தமது உறவினர் ஒருவரைப் பற்றி, "அவனுக்குக் கை கொஞ்சம் நீளம்" என்று மருமகளுக்கு மெல்லச் சொல்லியிருக்கிறார். மடியிலே இருந்த நாலு வயதுப் பேரன் நித்திரை என்று எண்ணிவிட்டார். ஒரு கிழமைக்குள் அந்த உறவினரே வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பேரன் எதிரே வந்து நின்று, "மாமா, கையை நீட்டுங்கோ" என்றான். அவரும் நீட்டினார். "மற்றக் கையையும்." அதையும் நீட்டினார். பையன் நன்றாகப் பார்த்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி, "ஆச்சி, ரண்டும் ஒரே அளவுதானே!" என்று உரக்கக் கூவினான். ஆச்சி பழைய காலத்து மனுஷி. ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "பெருநாளுக்குச் சட்டை தைக்க அளவு பார்க்கிறான், தம்பி" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். சொன்ன வாய்க்கு அந்த ஆண்டு ஒரு சட்டையும் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிள்ளையின் களவும் இப்படியே வெளிச்சமானது. கூர்ப்புக் கொள்கையை உலகுக்கு அளித்த சாள்ஸ் டார்வின், 1839 ஆம் ஆண்டு பிறந்த தம் மூத்த மகனை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதி வைத்து, 1877 இல் அவற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இரண்டரை வயது கடந்த அந்தப் பையன் ஒருநாள் சாப்பாட்டு அறையிலிருந்து கண்கள் மின்ன, வழக்கமில்லாத ஒரு முகத்தோடு வெளியே வந்தானாம். விசாரித்தால், சீனி எடுத்திருக்கிறான். இரு வாரம் கழித்து மேலங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து, உள்ளே ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று தகப்பனாருக்கே கட்டளை இட்டானாம். அங்கியிலே ஊறுகாய்ச் சாறு. அதே பையன் சரியாக ஒரு வயதிலே உணவுக்குத் தானாக ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டான் என்றும், அந்தச் சொல் 'மம்' என்றும் டார்வின் எழுதியிருக்கிறார். எமது பிள்ளைகளின் 'மம்மு'வுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? சீனிப் போத்தலுக்கும் வெண்ணெய்ப் பானைக்கும் உள்ள தூரமே.

இனி எமது ஊருக்கே உரிய ஒரு வைபவம். பிள்ளைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுகிறோம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் போலக் குத்திய கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலைமேல் சொரிகையில் பிள்ளை திகைத்து விழிக்கும். சில பிள்ளைகள் வீரிட்டு அழும். அதுவன்று நாம் சொல்ல வந்தது. அதன்பின் ஒரு தட்டிலே புத்தகம், பேனா, நகை, காசு முதலியவற்றைப் பரப்பிப் பிள்ளையின் முன் வைப்பர். எதைத் தொடுகிறதோ அதுவே அதன் எதிர்காலம். விதியை அறிவதற்காக இவ்வளவு ஒழுங்கு செய்த பின்னர், அந்த விதியை விதிப்படி விடுவதற்கு மாத்திரம் எவருக்கும் மனம் வராது. அப்பப்பா பேனாவைச் சற்று முன்னே தள்ளுவார். பெரியம்மா ஒன்றும் அறியாதவர் போலத் தட்டைத் திருப்பி வைப்பார். பார்த்தால் வைத்தியரின் குழாய் பிள்ளையின் கைக்கு நேரே இருக்கும். அண்மையிலே நாம் போயிருந்த வீட்டில், பெண்பிள்ளை தட்டையே திரும்பிப் பார்க்கவில்லை. மடியிலே விழுந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்து, அந்த ஒற்றைப் பல்லாலே கடிக்க முயன்றது. "பிள்ளை சாப்பாட்டுக்கடை போடும்" என்றார் ஒருவர். தாய் முகம் வாடியது. "பிள்ளைக்குப் பசிக்குது" என்றார் பூட்டி. அன்று கூடியிருந்தவர்களுள் பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்தவர் அவர் ஒருவரே.

திருவிழாக் கூட்டத்திலே பிள்ளை தவறிவிடுவது எமது ஊரில் வழக்கமான ஒன்று. தொண்டர்கள் ஒரு சிறுமியைக் கண்டெடுத்து ஒலிபெருக்கியடிக்குக் கொண்டு வந்தார்கள். "அப்பான்ரை பேர் என்ன?" "அப்பா." "அம்மா அப்பாவை என்னெண்டு கூப்பிடுவா?" "இஞ்சாருங்கோ." தொண்டர் ஒரு இளைஞர், சற்றும் யோசியாமல் அதையே அறிவித்துவிட்டார். "இஞ்சாருங்கோ அவர்கள் உடனடியாக அலுவலகத்துக்கு வரவும்." கோயில் வீதி முழுவதும் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேர் என்பதை எண்ணியவர் இல்லை. சிறுமியின் தகப்பனாரும் அவர்களுள் ஒருவராக ஓடி வந்து சேர்ந்தார். அந்த இளைஞர் அறிவித்த முறையை விட, சிறுமி சொன்னதை நம்பினாரே, அதை நாம் மெச்சுகிறோம்.

ஏனென்றால், சிரிப்பதோடு நின்றுவிடுவதே பெரும்பாலும் எமது வழக்கம். ரகரம் வராத பையன் ஒருவனை எமக்குத் தெரியும். ரகரமும் ழகரமும் பிள்ளையின் நாவிலே கடைசியாக வந்து படியும் ஒலிகள். ஐந்து வயதிலும் வராதிருப்பது புதுமையன்று. வீட்டுக்கு ஆட்கள் வரும்போதெல்லாம் அவனுடைய இளம் மாமன்மார் அவனை நடுவே நிறுத்தி, "ரோசா எண்டு சொல்லு, ராசா எண்டு சொல்லு" என்பார்கள். அவன் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். கைத்தொலைபேசியிலே படம் பிடித்துக் கடல் கடந்தும் அனுப்பினார்கள். சில மாதம் கழித்து, படலை திறக்கும் சத்தம் கேட்டால் அவன் அலுமாரிக்குப் பின்னால் ஒளியத் தொடங்கினான். பாலர் வகுப்பிலே வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். மாமன்மார் கெட்டவர்கள் அல்லர். அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். இருந்தும் அப்படி ஆயிற்று.

இன்னொரு வீட்டிலே நடந்தது வேறு விதம். 1990 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போயிருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்தவர்கள் இன்று இங்கே பெற்றோராக அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்திலே பிறந்த பையன் ஒருவனை 1996 இல் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். இரவு படுக்கும் வேளையில், விளக்கை நூர்த்துவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். அவன் கட்டிலின்மேல் ஏறி நின்று, மேலே தொங்கிய மின்குமிழைப் பார்த்து ஊதினான். நூரவில்லை. மூச்சை இழுத்து மறுபடியும் ஊதினான். வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆச்சி மாத்திரம் அவனைத் தூக்கிக்கொண்டு சுவிச்சடிக்குப் போனார். "இந்த ஊரிலை விளக்கு இவ்வடத்தையாலைதான் நூரும்" என்று அவன் விரலைப் பிடித்து அமத்தினார். நூர்ந்தது. பிறகு எரிந்தது. பிறகும் நூர்ந்தது. அவனுக்கு அலுக்கும் மட்டும், ஏறக்குறைய அரைமணி நேரம், அந்த வீட்டார் இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறி மாறி இருந்தார்கள்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு முடிவிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும், எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளையும் இளைஞர்களே அறிவீர்கள். அந்நாளிலே ஒரு வளவுக்குள் பிள்ளைகள் 'வரிசை' விளையாடக் கண்டோம். வெற்றுத் தகரங்களையும் செருப்புக்களையும் நிரையாக வைத்து, மூத்தவன் கதிரையில் இருந்து பங்கிட்டான். கடைசியில் நின்றவள் நாலு வயதுச் சிறுமி. அவள் முறை வந்ததும், "முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்றான் பெரியவர்களின் குரலிலேயே. மறுநாட்காலை அவள் தகரத்தோடு வந்து நின்றாள். மூத்தவனுக்கு விளையாட்டு மறந்துபோயிற்று. அந்த வீட்டுச் சித்தப்பா, இருபது வயதுப் பிள்ளை, கிணற்றடியிலிருந்து வந்து, கதிரையில் உட்கார்ந்து, "இண்டைக்கு வந்திருக்கு, தங்கச்சி. எத்தனை லீற்றர்?" என்று கேட்டு, வாளியிலிருந்து ஒரு பேணி தண்ணீர் அளந்து ஊற்றினார். அவள் காசும் கொடுத்தாள். மூன்று பூவரசம் இலை. மீதி ஓர் இலையை அவர் எண்ணித் திருப்பிக் கொடுத்தார்.

இன்று எமது பேரப்பிள்ளைகளுட் பலரின் மழலை கைத்தொலைபேசித் திரையிலேதான் வந்து சேருகிறது. ரொறன்ரோவிலே இரவு எட்டு மணியாகும் போது இங்கே விடியப்போகிறது. மூன்று வயதுப் பேரன் ஒருவன் தன் பிஸ்கட்டைத் திரையிலே ஒட்டிப் பிடித்து, "ஆச்சி, ஆ!" என்றான். ஆச்சி வாயைத் திறந்தார், மென்றார், விழுங்கினார். "நல்ல ருசி, ராசா. ஆனால் எனக்குச் சலரோகம் எல்லே? இனிப்புக் கூடிப்போச்சு, காணும்" என்றார். பையன் தொலைபேசியின் பின்பக்கத்தைத் திருப்பி, ஏதேனும் சிந்தியிருக்கிறதா என்று பார்த்தான். அடுத்த கிழமை அவன் நீட்டியது இனிப்பில்லாத கிறீம் கிறாக்கர்.

இன்னும் சொல்லலாம். ஆனால், "அம்மா, இந்த மாமா எப்ப முடிப்பார்?" என்று பின்வரிசையிலே ஒரு பிள்ளை கேட்பது இந்த மேடை வரைக்கும் கேட்கிறது. தாயார் அதன் வாயைப் பொத்துகிறார். பொத்த வேண்டாம், அம்மா. கேள்வி எம்மைப் பற்றியது, நாமே சொல்லுகிறோம். இப்போதே முடிக்கிறோம், பிள்ளை.