சுவருக்கு அப்பால் ஒரு சொற்பொழிவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் ஒரு கவலை இருப்பதை நாம் அறிவோம். எந்தக் கட்சிக்காரர் அங்கே பேச வருவாரோ, அதைக் கேட்டு நம் பிள்ளை வழி தவறுமோ என்பதே அது. பிழைக்க வந்த ஊரில் நமக்கேன் வம்பு என்று நம்மிற் பலர் வாய்விட்டே சொல்லுகிறோம். அக்கவலையை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அதையே சட்டமாக எழுதிப் பார்த்த ஓர் அயல்நாட்டு மாநிலத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், 1963ஆம் ஆண்டு, கறுப்பின மக்களின் சம உரிமைக் கிளர்ச்சி ஓங்கியிருந்தது. பல்கலைக்கழகத்தாரும் அதிற் கலந்துகொண்டமை சட்டமன்றத்தார் பலருக்குச் சினமூட்டியது. அவ்வாண்டு ஜூன் மாதம், கூட்டத்தொடர் முடியுந் தறுவாயில், போதிய விவாதமின்றி ஒரு சட்டம் நிறைவேறிற்று. கம்யூனிஸ்டுக் கட்சியினர், அரசியலமைப்பைக் கவிழ்க்க வேண்டுமென்போர், தம் தொடர்புகள்பற்றிய விசாரணையில் விடையளிக்க மறுத்தோர் ஆகியோர் அரசுக் கல்லூரி வளாகங்களிற் பேசலாகாது என்றது அச்சட்டம்.

அதன் வலையில் அகப்பட்டவர் யார் தெரியுமா? ஜே. பி. எஸ். ஹால்டேன்! ஆங்கிலேயராய்ப் பிறந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, புவனேசுவரத்தில் வாழ்ந்த மரபியல் பேரறிஞர். அவர் அங்கே பேசவிருந்தது அறிவியல். தம் அரசியல் சார்புபற்றிய வினாவுக்கு விடை கூற அவர் மறுத்தார்; உரை நடைபெறவில்லை. இழப்பு ஹால்டேனுக்கா, மாணவருக்கா?

கல்லூரிகளின் அங்கீகாரத்துக்கே ஆபத்து வருமென்ற நிலையில், 1965இல் சட்டம் திருத்தப்பட்டு, முடிவு செய்யும் பொறுப்பு பல்கலைக்கழகப் பொறுப்பாளர் குழுவிடம் விடப்பட்டது. தடை நீங்கவில்லை, கைம்மாறிற்று, அவ்வளவே.

1966 மார்ச்சு மாதம் சேப்பல்ஹில் நகர மாணவர்கள் இருவரை அழைத்தனர். ஒருவர் பிராங்க் வில்கின்சன். விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்துச் சிறை சென்றவர். மற்றவர் ஹெர்பர்ட் ஆப்தேக்கர்; அடிமைகளின் கலகங்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர், கம்யூனிஸ்டு. இருவருக்கும் வளாகத்தில் இடம் மறுக்கப்பட்டது. வளாகத்தின் ஓரத்தில் தாழ்ந்த கற்சுவர் ஒன்று உண்டு. அதற்கு அப்பால் நகராட்சியின் நடைபாதை. அங்கே இச்சட்டம் செல்லாது. பேச்சாளர் நடைபாதையில் நின்றார். மாணவர்கள் புல்வெளியில், சுவருக்கு இப்பால் அமர்ந்தனர். ஆப்தேக்கர் பேச்சைக் கேட்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனராம். மண்டபத்திற் பேச விட்டிருந்தால் அத்தனை பேர் வந்திருப்பார்களோ, ஐயமே!

மாணவர் தலைவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1968 பிப்ரவரியில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்த்தது. காரணம் பெருந்தத்துவம் ஒன்றுமில்லை. எவர் தடுக்கப்பட்டவர், எவர் அல்லர் என்பது சட்டத்தில் தெளிவாயில்லை என்பதே. நமக்கு இதுவே கருதத்தக்கதாகப் படுகிறது. பேசத் தகாதவர் யார் என்று வரையறுக்கப் புகுந்தவர்கள், மூன்றே வகைகளுக்குள்ளும் அதைத் தெளிவாக எழுத இயலவில்லை.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி, அரசைக் கவிழ்க்க நினைப்பார்க்கு மேடையாகலாமா என்று அங்கே கேட்டனர். நேர்மையான வினாதான். அடிதடிக்குத் தூண்டுவோரைத் தடுக்கச் சட்டம் வேண்டும். அது நம் நாட்டிலும் உண்டு. ஆயின் ஒருவர் வாய் திறக்குமுன்பே அவர் கட்சியைக் கேட்டுக் கதவை அடைப்பது வேறு. பதினெட்டு வயதில் வாக்களிக்கத் தகுந்தவன் என்று நாம் ஒப்பும் பிள்ளையை, ஒரு மணி நேரச் சொற்பொழிவைத் தாங்கமாட்டான் என்று சொல்லலாமா?

நம் சங்கத்து மாணவர் அணியார், இரு மாறுபட்ட கட்சியினரை அழைத்து இம்மன்றத்தில் விவாதக் கூட்டம் நடத்த இசைவு கேட்டிருக்கின்றனர். விண்ணப்பம் செயற்குழுவின் முன் உள்ளது. இசைவளிக்குமாறு வேண்டுகிறோம். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேச்சாளர் எவராயினும், கேள்வி நேரம் அரை மணிக்குக் குறையலாகாது, பெற்றோரும் வந்து கேட்க வேண்டும்.