ஒன்பது பிள்ளைகளை வளர்த்த எங்கள் பாட்டியார்

(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடைகளில் நாயன்மார் வரலாற்றையும் அம்மனின் திருவிளையாடல்களையும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு "நம் முன்னோர்" என்பதாகும். ஆகவே, எந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒருவரைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். அவர் என் பாட்டியார். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பிறந்த உங்களுள் பலருக்கு அவர் கதை உங்கள் வீட்டுக் கதையாகவே தோன்றக்கூடும்.

1927ஆம் ஆண்டில், பதினேழு வயதில், கணவருடன் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர் அவர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இலேயே முடிவுக்கு வந்திருந்தது. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் கட்டணம் கொடுக்கப்பட்டு, கங்காணிமார் ஊரூராகச் சென்று ஆள்சேர்த்த காலம் அது. போர்ட் சுவெட்டன்ஹாம் என அன்று வழங்கிய கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் குடியேறினர்.

நம் வட்டாரம் அந்நாளிலேயே உலக வரலாற்றில் இடம்பெற்றிருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுத் துரை இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. துரையின் பெயர் நூலகங்களில் நிலைத்துவிட்டது. அதே மண்ணில் மரம் சீவிய நம் பாட்டிமாரின் பெயர்களோ செக்ரோலில் நாட்கூலிக் கணக்காக மட்டுமே எழுதப்பட்டன. ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்பது அக்காலக் கூலி. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அதுவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். பாட்டியார் குடும்பம் இங்கேயே தங்கிற்று.

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து நிற்பார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் சீவச் செல்வார். மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்துக் காண்டா கட்டித் தோளில் சுமந்து வருவார். அவர் பெற்ற பிள்ளைகள் எழுவர். இருவரைச் சிறு வயதிலேயே மலேரியாக் காய்ச்சல் கொண்டு சென்றது. எஞ்சியவர் ஐவர்.

அப்படியாயின் ஒன்பது பிள்ளைகள் எங்ஙனம்? அதைக் கூறவே இங்கு வந்து நிற்கிறேன்.

ஜப்பானியர் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடப்பட்டது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் அக்காட்டிலேயே மாண்டனர். எங்கள் தோட்டத்திலிருந்தும் லயம் லயமாக ஆடவர் சென்றனர். பாட்டியாரின் கணவர் உயிருடன் திரும்பினாரேனும், உடல்நலம் குன்றிச் சில ஆண்டுகளில் காலமானார். பலர் திரும்பவேயில்லை. இங்கே அவர்தம் மனைவியர் சிலரும் நோயுற்று இறந்தனர்.

அவ்வாறு தாய் தந்தையை இழந்த நால்வரைப் பாட்டியார் தம் லயத்துக்கு அழைத்து வந்தார். ஒரே வீட்டைச் சேர்ந்த இரு பெண் குழந்தைகள், மற்றொரு லயத்துச் சிறுவன் ஒருவன், இன்னும் நடை பழகாத ஆண் குழந்தை ஒன்று. அரிசி கிடைக்காத நாள்கள் அவை. மரவள்ளிக் கிழங்கே உணவு. பாட்டியார் ஒன்பது கொட்டாங்கச்சிகளை ஒரே அளவாகத் தேய்த்து வைத்திருந்தாராம். கஞ்சி ஊற்றுகையில் இளைய பிள்ளையிலிருந்து தொடங்குவார். ஒன்பதும் நிறைந்தபின் பானையில் மிஞ்சுவதே அவர் பங்கு. இதனை எனக்குச் சொன்னவர் அவர் பெற்ற மூத்த மகள், என் பெரிய அத்தை. "எங்களுக்கு ஒரு துளியும் கூடுதலாக ஊற்றியதில்லை" என்று அவர் கூறும்போது குரலில் குறையில்லை, பெருமையே இருந்தது.

அவசரகாலத்தில் பன்னிரண்டு வயது நிறைந்தோர் அனைவரும் அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. இளைய மகனை அழைத்துக்கொண்டு பாட்டியார் பதிவுக்குச் சென்றார். பிறப்புப் பத்திரம் இல்லை. "இது உன் பிள்ளைதானா?" என்று எழுத்தர் கேட்டார். "என் பிள்ளைதான்" என்றார் பாட்டியார். உடன் வந்திருந்த பெரியவர் ஒருவர், உதவும் நோக்கத்துடன், "சயாமுக்குப் போனவர் பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டார். அச்சிறுவன் அப்போதுதான் உண்மையை அறிந்தான். வழி நெடுக அவன் பேசவில்லை. அன்றிரவு பாட்டியார் அவனை அருகிலமர்த்தி, அவனைப் பெற்றவர்களைப் பற்றித் தாம் அறிந்த அனைத்தையும் சொல்லி முடித்து, "அவர்களை மறக்காதே, என்னையும் விட்டுவிடாதே" என்றாராம்.

அச்சிறுவனே என் தந்தையார்.

போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் காக்க நிறுவனங்களும் பின்னர் எழுந்தன. 1949இல் சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜத்தை நாம் அறிவோம். அங்கு எண்ணற்ற பிள்ளைகளுக்குத் தாயாக விளங்கிய அன்னை மங்களம் அவர்கள் 2023இல் மறைந்தபோது நாடே அவரைப் போற்றியது. அப்போற்றுதலைக் கேட்டபோது, பெயரறியப்படாமல் லயத்துக்கு லயம் அதே தொண்டைச் செய்த தாய்மாரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு நன்கொடையாளர் இல்லை. நாற்பது காசுக் கூலி மட்டுமே இருந்தது.

பாட்டியார் 1984இல் சிவபதம் அடைந்தார். பின்னாளில் தோட்டம் கைம்மாறிற்று, லயங்கள் இடிக்கப்பட்டன. ஆயாக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அவர் தோட்டத்து அம்மனுக்கு வாங்கி வைத்த பித்தளைக் குத்துவிளக்கு மட்டும், அம்மன் சிலையுடன் இவ்வாலயத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் பெயர் பொறிக்கப்படவில்லை. இன்று மாலை ஏற்றப்பட்ட விளக்குகளுள் அதுவும் ஒன்று.

என் தந்தையார் மறைந்தபின் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஆடி அமாவாசையன்று நான் யாருக்குத் தர்ப்பணம் செய்வது? குருதிவழிப் பாட்டன் பாட்டியை ஊரார் அழைத்த பெயர் மட்டுமே தெரியும்; ஊரும் கோத்திரமும் தெரியா. நம் ஆலயக் குருக்களிடம் கேட்டேன். காருண்ய பித்ருக்கள் என்றொரு வகை உண்டு, அன்பினால் உறவானவர்க்கும் எள்ளும் நீரும் சேரும், பெற்றவர்க்கும் செய், வளர்த்தவர்க்கும் செய் என்றார். அதன்படி ஆண்டுதோறும் சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் இரு குடும்பத்தாரையும் நினைந்து செய்து வருகிறேன். பாட்டியாரின் முறை வரும்போது என் கை சற்றுக் கூடுதலாகவே நீர் வார்க்கிறது. கொட்டாங்கச்சிகளை ஒரே அளவாகத் தேய்த்தவர் அதை ஏற்பாரா என்று தெரியவில்லை.

பெரியோர்களே, நிறைவாக ஒரு வேண்டுகோள். சயாமுக்குச் சென்றவர்களைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே மிகச் சிலரே உள்ளனர். இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் வீட்டு மூத்தோரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், யார் பெற்றனர், யார் வளர்த்தனர் என்று கேட்டுப் பெயருடன் எழுதி வையுங்கள். வளர்ப்புப் பிள்ளை என்று சொல்ல நாணி மறைத்துவிடாதீர்கள். அதை மறைத்தால் வளர்த்தவளின் தொண்டும் உடன் மறைந்துபோகும். எழுதியதன் படி ஒன்றை ஆலய அலுவலகத்திலும் கொடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதல் தாளை நான் இன்றே செயலாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அதில் ஒன்பது பிள்ளைகளின் பெயர்களையும் வயது வரிசையில் எழுதியுள்ளேன். யார் பெற்றவர் என்பது ஒவ்வொரு பெயரின் எதிரிலும் உண்டு. வளர்த்தவர் என்ற இடத்தில் ஒன்பதுக்கும் ஒரே பெயர்தான்.

அன்னை மகாமாரி அனைவரையும் காத்தருள்வாளாக.