புழக்கடையில் முளைச்ச கீரையும் பஞ்சமி நிலமும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வறட்சியும் தலித்துகளும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்காங்க. வறட்சியைப் பத்தி நான் கொஞ்சமாத்தான் பேசப்போறேன். வறட்சி முடிஞ்சு மழை பெய்யுதே, அந்த முதல் மாசத்தைப் பத்தித்தான் பேசணும். ஏன்னா நம்ம இயக்கங்கள் வறட்சியில போராடுது. காலிக்குடத்தோட மறியல் பண்றோம், கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்கார்றோம். மழை வந்தா கலைஞ்சிடுறோம். ஆளாளுக்கு நாத்து பறிக்க, நடவு நடப் போயிடுறோம். நிலம் நம்ம கையை விட்டுப் போறது அந்த மாசத்துலதான் என்பது என்னோட வாதம்.

2016ஆம் வருசம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைஞ்சுபோச்சு. 2017 ஜனவரியில், அப்போ இருந்த 32 மாவட்டமும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவிச்சுது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரி தள்ளுபடி. சரி, நிலமே இல்லாதவனுக்கு? நூறு நாள் வேலையை 150 நாளாக்குறோம்னு சொன்னாங்க. பட்டா எவன் பேர்ல இருக்கோ அவனுக்குத்தான் பயிர் கருகும், வரப்புல நின்னு களையெடுத்தவளுக்கு எதுவும் கருகாது என்பதுதான் இந்த அறிவிப்போட தர்க்கம். குத்தகைக்கு வாய்மொழியா ஓட்டினவன் கதியும் அதேதான். நிவாரணம் பட்டாதாரர் கணக்குல ஏறிச்சு.

அந்த வருசம் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் நம்ம காலனிகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஏரி வெடிப்பு விட்டுக் கிடந்துது. ஊர்த்தெருக்காரங்க போரை இன்னும் நூறு அடி, இருநூறு அடி இறக்கினாங்க. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்தான், ஆனா பம்புசெட் வைக்க நிலம் வேணும் இல்லையா? அவங்க போர் ஆழமாக ஆழமாக, நம்ம காலனி கைப்பம்பு காத்து வாங்குச்சு. பூமிக்குக் கீழே இருக்கிற தண்ணிக்கு எல்லைக்கல் கிடையாது. மேலே எவனுக்கு நிலம் இருக்கோ அவன் உறிஞ்சிக்கலாம். இதுக்கு நம்ம ஆய்வாளர்கள் 'இயற்கைச் சீற்றம்'னு பேர் வெக்கிறாங்க.

அந்த வறட்சியிலும் காலனியில ஒரு வேலை நிக்காம நடந்துது. நம்ம கூட்டத் தீர்மானம் எதுலயும் அது வராது. பொம்பளைங்க புழக்கடையில செஞ்ச வேலை. பாத்திரம் கழுவின தண்ணி, அரிசி கழுவின தண்ணி, கைகால் கழுவின தண்ணி எல்லாத்தையும் ஒரு சட்டியில சேர்த்து ஒரே ஒரு முருங்கைக்கும் ஒரே ஒரு கறிவேப்பிலைக்கும் ஊத்திக் காப்பாத்தினாங்க. மத்ததெல்லாம் போகட்டும்னு விட்டாங்க. எதைச் சாகவிடறது, எதைக் காப்பாத்தறதுன்னு முடிவு பண்றது லேசான வேலை இல்ல. அப்புறம் விதை. பூசணி விதையையும் சுரை விதையையும் பசுஞ்சாணியில வெச்சுத் தட்டி சுவத்துல ஒட்டியிருப்பாங்க. அவரையைச் சாம்பல்ல புரட்டிப் பானையில போட்டிருப்பாங்க. ரேஷன் அரிசிக்குக் குழம்பு வெக்க ஒண்ணுமில்லாத நாள்லகூட அந்த விதை அவரையை எடுத்து வேக வெக்கல. இதை நாம 'வீட்டு வேலை'ன்னு தள்ளிட்டு, மேடையில மைக் பிடிச்சு மண்ணுரிமை பேசிக்கிட்டிருக்கோம்.

2017 தென்மேற்குப் பருவத்தில் வட மாவட்டங்களில் மழை பெய்ஞ்சுது. ஆடி, ஆவணியில நல்ல மழை. நம்ம எழுத்தாள நண்பர்கள் மழைன்னதும் மண்வாசனைன்னு எழுதுவாங்க. காலனியில மொதல்ல வர்ற வாசனை கூரையில ஊறின பழைய ஓலை வாசனை. பெரும்பாலும் நம்ம குடியிருப்பு பள்ளத்துல, ஏரிக்குக் கீழ, ஊர்ச் சாக்கடை வந்து முடியற இடத்துல இருக்கு. ஒரு வருசம் தண்ணிக்கு அழுதுட்டு அடுத்த வருசம் தண்ணியில நிக்கிற சனம் நாம. 2015 வெள்ளத்துல கடலூர் மாவட்டச் சேரிகள் கிடந்த கிடையை இங்க இருக்கிற பல பேர் நிவாரணத்துக்குப் போய்ப் பார்த்திருப்பீங்க. அதனால மழையைக் கொண்டாடுறதுல எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு.

ஆனாலும் கொண்டாடாம இருக்க முடியல. மழை விட்ட நாலாம் நாள் புழக்கடையைப் பாருங்க. யாரும் விதைக்காம சாரணை, மூக்கிரட்டை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை மண்ணைத் தள்ளிக்கிட்டு வருது. செத்துட்டதா நெனச்ச முருங்கை, கட்டையிலேருந்து துளிர் விடுது. தண்டங்கீரை தூவினா இருபது இருபத்தஞ்சு நாள்ல பறிக்கலாம். பூசணிக் கொடி கூரைமேல ஏறும். ஆடியில ஊனின அவரை மார்கழியில பூத்து தைக்குக் காய்க்கும். ஊர்ல நெல் அறுத்துக் கூலி கைக்கு வர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் காலனிப் பிள்ளைங்க வயித்துல போறது இந்தக் கீரைதான். எவன்கிட்டயும் கைகட்டி நிக்காம, எவன் களத்துலயும் குனியாம கிடைக்கிற சோறு. ஆதிக்க சாதிக்காரன் இந்தக் கீரையில பாதியை 'களை'ன்னுதான் சொல்லுவான்.

மழை வராதபோது ஊர் நம்மளை எதுக்குத் தேடும்? கொடும்பாவி கட்டி இழுக்கத் தேடும். வைக்கோல்ல பொம்மை செஞ்சு, தெருத்தெருவா இழுத்துட்டுப் போய், பறை அடிச்சு, ஒப்பாரி வெச்சு, சுடுகாட்டுல கொளுத்தணும். பாவம் யாரோடது? எந்தப் பாவியால மழை நின்னுபோச்சுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா அதைச் சுமந்து எரிக்கிற வேலை நம்ம தலையில. மழை வந்து ஏரி நிறைஞ்சதும் அதே ஏரியில மீன் ஏலம், கருவேல மர ஏலம் நடக்கும். ஏலத்துல நம்ம ஆள் குரல் கேக்குதா? பல ஊர்ல ஏலம் நடந்த விசயமே நமக்கு மறுநாள்தான் தெரியும். தண்ணியைப் பொதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை: 1924லேயே இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டசபையில பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் நமக்கும் உண்டுன்னு தீர்மானம் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட நூறு வருசம் கழிச்சு, 2022 டிசம்பர்ல, புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல்ல நம்ம சனம் குடிக்கிற தண்ணித் தொட்டியில மலம் கிடந்துது.

இப்ப நிலத்துக்கு வரேன். அந்தக் கீரை முளைக்கிற புழக்கடை யாரோடது? செங்கல்பட்டு கலெக்டரா இருந்த திரமென்ஹீர் 1891ல கொடுத்த அறிக்கையிலேயே இந்தக் கேள்வி இருக்கு. பறையர்கள் குடியிருக்கிற மனைகூட மிராசுதார் பிடியில இருக்கு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா குடிசையைக் காலி பண்ணச் சொல்லிடுவான், தரிசு நிலத்தைக் கேட்டு மனு போட்டா மிராசுதார் தடுத்துடுவான்னு அந்த வெள்ளைக்காரர் எழுதினார். அதைத் தொடர்ந்து 1892ல அரசாணை வந்துது. அதன்படி கொடுத்ததுதான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம். 12 லட்சம் ஏக்கர்னு நம்ம இயக்கங்கள் கணக்குச் சொல்லுது. முதல் பத்து வருசம் யாருக்கும் விக்கக் கூடாது, அதுக்கப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்குத்தான் விக்கலாம், மீறி வித்தா அரசு திருப்பி எடுத்துக்கலாம்னு நிபந்தனை. அந்த நிபந்தனை காகிதத்துல இன்னும் உயிரோடதான் இருக்கு. நிலம் எங்க? மளிகைக் கடன், கல்யாணக் கடன், பஞ்ச காலத்துக் கடன் என்று கைநாட்டு வாங்கிக் கைமாத்தினது ஒரு பக்கம். 1979லிருந்து 1987 வரைக்கும் நடந்த யு.டி.ஆர். அளவையில் பதிவேட்டுல பேரே மாறிப்போனது இன்னொரு பக்கம். பழைய 'ஏ' பதிவேட்டையும் யு.டி.ஆருக்குப் பிந்தின பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. எந்த ஊரில் எந்த சர்வே எண் காணாமப் போச்சுன்னு தெரியும்.

மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அடங்கல்தான் சம்பந்தம். எந்த சர்வே எண்ணில் யாரு என்ன பயிர் வெச்சிருக்காங்கன்னு கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலிக்கும் எழுதற கணக்கு அது. பசலி ஜூலை 1ல பொறக்குது. பதினைஞ்சு நாள்ல ஆடி வந்துடுது. வறட்சியில எல்லா நிலமும் ஒரே மாதிரி தரிசாக் கிடக்கும். அப்ப போய் அளந்தா பஞ்சமி நிலம் எது, ஆக்கிரமிப்பு எதுன்னு கண்ணுக்குத் தெரியும், கல்லு தெரியும். மழை விழுந்த மறுநாள் டிராக்டர் இறங்கும். உழுதவன் பேர் அடங்கல்ல ஏறும். அப்படிப் பத்து வருசம், இருபது வருசம் ஏறினதைக் கொண்டுவந்து 'எங்க அனுபவம்'னு கோர்ட்டுல காட்டுவான். நாம அந்த நேரத்துல அவன் நிலத்துல நடவு நட்டுக்கிட்டிருப்போம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பழமொழி இருக்கு. தேடறதுக்கு நிலம் வெச்சிருக்கிறவன் அதைச் சரியா கடைப்பிடிக்கிறான். நாம புறம்போக்குல நாலு பாத்தி கீரை போட்டா 'பி' மெமோ வருது.

1994ல காரணையில பஞ்சமி நிலத்தைக் கேட்டுத்தான் நம்ம மக்கள் எழுந்தாங்க. அந்த அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டுல துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரைப் பறிகொடுத்தோம். வருசா வருசம் மாலை போடறோம். மாலை போடறது தப்பில்ல. ஆனா ஐப்பசி நெருங்கறபோது மாலை போடற நாம ஆடி பொறக்கறபோது எங்க இருக்கோம்?

ஒரு ஊர்ல நடந்ததைச் சொல்றேன். விவகாரம் இன்னும் முடியாததால ஊர்ப் பேர் வேணாம். ரெண்டு ஏக்கர் சொச்சம் பஞ்சமி நிலம். வெச்சிருந்தவர் சவுக்கு போட்டு வெட்டி, அப்புறம் வறட்சியில சீமைக்கருவேல் மண்டவிட்டிருந்தார். 2017 ஆடியில மழை விட்டதும் பதினாலு பொம்பளைங்க ஓரத்துல கருவேலைக் கழிச்சுட்டு, சுவத்துல ஒட்டியிருந்த வறட்டியைப் பெயர்த்துக் கொண்டுபோய் விதையை ஊனிட்டாங்க. ஆம்பளைங்கள்ல பாதிப்பேர் 'கேசு ஆகும், வேணாம்'னு சொன்னவங்கதான். இயக்கத் தோழர்கள் எங்களுக்கே மூணாம் நாள்தான் தகவல் வந்துது. அஞ்சாம் நாள் டிராக்டர் வந்துச்சு. ஓட்டினது நம்ம காலனிப் பையன். நாள் கூலி. அவன் பெரியம்மாவே பாத்தி நடுவுல உக்காந்திருந்தாங்க. "ஏறுடா, எம்மேல ஏத்திட்டுப் போயி உங்க ஆண்டைகிட்ட கூலி வாங்கிக்க"ன்னாங்க. பையன் இஞ்சினை நிறுத்திட்டு இறங்கி மரத்தடியில போய் உக்காந்துட்டான். அவனுக்கு அன்னைக்கோட அந்த வேலை போச்சு. வேற வேலைக்கு இயக்கம் ஏற்பாடு பண்ணியிருக்கணும், பண்ணல. இதையும் பதிவு பண்ணணும்.

சாயங்காலம் போலீஸ் வந்து எல்லாரையும் வெளியேத்துச்சு. ராத்திரியோட ராத்திரியா கீரைப் பாத்தியை மிதிச்சு நாசம் பண்ணிட்டாங்க. பூசணி மட்டும் கருவேல முள்ளுக்குள்ள ஓடித் தப்பிச்சுது. புரட்டாசிக் கடைசியில பொம்பளைங்க முள்ளுக்குள்ள கைவிட்டு ஒன்பது காய் எடுத்தாங்க. அடுத்த வருசம் அடங்கல் நகல் வாங்கிப் பார்த்தோம். அந்த சர்வே எண்ணில் 'தரிசு'ன்னு எழுதியிருந்துது. நம்ம பேர் இல்லதான். ஆனா எத்தனையோ வருசத்துக்கப்புறம் அவர் பேருல பயிரும் ஏறல. ஆர்.டி.ஓ. விசாரணையில இப்ப நம்ம கையில இருக்கிற உருப்படியான காகிதம் அந்த ஒரு வரிதான்.

கூட்டம் முடிஞ்சதும் மாணவர்கள் கொஞ்ச நேரம் இருங்க. நாலு கிராமத்து 'ஏ' பதிவேடும் அடங்கலும் நகல் எடுத்து வந்திருக்கேன். எந்தக் கலத்துல என்ன எழுதியிருக்கும், டி.சி. குறிப்பு எங்க இருக்கும்னு ஒரு மணி நேரத்துல படிக்கக் கத்துக்கலாம். ஊருக்கு ரெண்டு பேர் வேணும், அதுல ஒருத்தர் பொம்பளைப் பிள்ளையா இருக்கணும்.