கணக்கும் தாளமும் இரண்டல்ல என்றவர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நினைவுப் பரிசை வழங்கி ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழக்கப்பட்டவன் அல்ல நான். பால்மரம் வெட்டிப் பிழைத்தவன். இந்தப் பள்ளியில் காலையில் கணக்குப் பாடம் நடத்தி, மாலையில் பிள்ளைகளுக்கு நடனமும் நாடகமும் பழக்கிய என் துணைவியார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் நினைவாக இன்று முதன்முறையாக ஒரு பரிசு வழங்கப்படுகிறது. அவரைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அதற்காகத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

"கணக்கு டீச்சருக்கு ஆட்டம் எதுக்கு?" என்று அந்தக் காலத்தில் பல பேர் கேட்டதுண்டு. அதற்கு அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். "கையை எடுங்க" என்பார். மாணவர்களே, நீங்களும் கையை எடுங்கள். தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். நான்கு ஆயிற்றா? அடுத்து ஒரு தட்டு, ஒரு வீச்சு. மறுபடியும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. நான்கும் இரண்டும் இரண்டும் எட்டு. இதுதான் ஆதி தாளம். ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32.

இனிமேல்தான் டீச்சரின் கணக்கு. "த தி கி ண தொம்" என்பது ஐந்து எழுத்து. அதை மூன்று முறை சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஓர் எண்ணிக்கை சும்மா விட வேண்டும். அடுத்த சுற்றின் முதல் தட்டில் சரியாகப் போய்ச் சேர வேண்டுமானால் எங்கே தொடங்குவது? மூவைந்து பதினைந்து, இடைவெளி இரண்டு, ஆக 17. முப்பத்திரண்டில் பதினேழு போனால் 15. பதினைந்தை விட்டுப் பதினாறில் தொடங்கு! தப்பாகக் கழித்த பிள்ளையின் கால் தாளத்தை விட்டு வெளியே விழும். சிவப்பு மையால் யாரும் அடிக்க வேண்டியதில்லை, காலே காட்டிக்கொடுத்துவிடும்.

மீச்சிறு பொது மடங்கு என்றால் பிள்ளைகளுக்கு நடுக்கம். அவர் வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பக்கம் "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாகச் சொல்லி முதல் எழுத்தில் தட்டும். மறு பக்கம் "தகதிமி, தகதிமி" என்று நான்கு நான்காகத் தட்டும். முதல் எண்ணிக்கையில் சேர்ந்து தட்டியவர்கள் மறுபடி எப்போது சேருகிறார்கள்? 12 முடிந்து பதின்மூன்றில். "பன்னிரண்டுதான்டா விடை, காதாலேயே கேட்டுட்டீங்க" என்று சிரிப்பார். ஏழு தாளங்களை ஐந்து ஜாதிகளால் பெருக்கினால் 35, அதை ஐந்து நடைகளால் பெருக்கினால் 175 என்று பெருக்கல் வாய்ப்பாட்டையே கச்சேரி ஆக்கிவிடுவார்.

2003-ஆம் ஆண்டில் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தும் திட்டம் வந்தது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். அவர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவார். மேசையில் தாளம் தட்டி விளங்கவைப்பார். 2009-இல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். மொழி மாறி மாறி வந்தாலும் எட்டு எட்டாகவே இருந்தது என்பார் அவர்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது தெரியுமா? பட்டணத்துச் சபாவிலிருந்து அல்ல. தோட்டத்துக் காமன் கூத்திலிருந்து! அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி வேடம் கட்டுபவரும் ஆண் பிள்ளைதான். எல்லாரும் வேடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, சிறுமியான இவர் தப்பு அடிப்பவரின் குச்சியைப் பார்த்து அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், ஓர் அடிகூடப் பிசகவில்லையாம். "அவருதாங்க என் முதல் கணக்கு வாத்தியார்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

தோட்டத்து மக்களுக்கு அவர் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நிறுத்துப் போட்ட பாலுக்கு எவ்வளவு காய்ந்த ரப்பர் என்பது எங்களுக்குப் புரியாத மர்மம். சீட்டில் எழுதியதுதான் சம்பளம். கல்யாணமான புதிதில் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். "24 கிலோ பால், நூற்றுக்கு முப்பது ரப்பர்னா, 7.2 கிலோ வரணும். இதுல குறையுதே" என்றார். தாளில் எழுதிக் கொடுத்தார். நான் கொண்டுபோய்க் காட்டினேன். திருத்திக் கொடுத்தார்கள். மறுவாரமே எங்கள் லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் சீட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். கூச்சல் போடாமல் நியாயம் கேட்கக் கணக்கு உதவும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

பெற்றோர்களே, அவர் மனம் நொந்தது ஒரே விஷயத்துக்குத்தான். ஆறாம் வகுப்பு வந்ததும், "டீச்சர், சோதனை வருது, பிள்ளைக்கு ஆட்டம் வேணாம்" என்று நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம். அந்த வீடுகளுக்கு அவர் நடந்தே போவார். "ஆடுற பிள்ளை கணக்கை மறக்காதும்மா, ரெண்டையும் நான் பார்த்துக்கிறேன்" என்று கெஞ்சுவார். சில வீட்டில் கதவு திறந்தது. சில வீட்டில் திறக்கவில்லை. யு.பி.எஸ்.ஆர். சோதனையை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் "ஆட்டம் வேணாம்" என்ற பேச்சு மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நோயில் படுத்த கடைசி வாரங்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஆனாலும் போர்வைக்கு மேல் விரல்கள் எண்ணிக்கொண்டே இருக்கும். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். நான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டும் வீச்சும் போடுவேன். முப்பத்தெட்டு ஆண்டு குடும்பம் நடத்தியவனுக்குத் தாளம் பிடிபட்டதே அப்போதுதான்.

காமன் கூத்துக் கதை உங்களுக்குத் தெரியும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் எரிந்துபோன மன்மதனை ரதி அழுது கேட்டுத் திரும்பப் பெறுகிறாள்; ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் தெரிவான். எனக்கும் அப்படியே. நம் பிள்ளைகள் சலங்கை கட்டி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்கும்போது, வரிசையின் ஓரத்தில் அவர் நிற்பது எனக்குத் தெரிகிறது.

இந்தப் பரிசு அதிகப் புள்ளி வாங்கிய பிள்ளைக்கு என்று வைக்கவில்லை. கணக்கு வராத கூட்டாளிக்குச் சொல்லிக்கொடுத்து, பள்ளி மேடையிலும் ஏறிய பிள்ளைக்கு உரியது. யாரென்று தேர்ந்தெடுப்பது ஆசிரியர்கள் பொறுப்பு. என் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் இது தொடரும். எனக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, மேசையில் தாளம் தட்டினால் அதட்டாதீர்கள். அது என்ன எண்ணுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.