பனியாற்றுக்குப் பெயர் வைப்பது யார்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்து ஆற்றை நாம் குடகனாறு என்கிறோம். சில காகிதங்களில் அது கொடகனாறு. கரை நெடுக ஊர்கள் இருந்தும் இந்த நிலை. குடிமக்களே இல்லாத அண்டார்டிகாவில் ஒரு பனியாற்றுக்குப் பெயர் எப்படி வரும்?

முதலில் ஒன்று. பனியாறு சும்மா உறைந்து கிடப்பதில்லை. தன் எடையாலேயே மெல்ல நகர்கிறது. அதனால் ஒருமுறை வரைந்த படம் போதாது. 1938-39இல் ஜெர்மானியர்கள் விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். அந்த விமானிகளில் ஒருவரான ஷிர்மாகரின் பெயர் அங்குள்ள ஒரு பாறைநிலத்துக்கு நிலைத்தது. 1997இல் கனடாவின் ராடார்சாட் செயற்கைக்கோள் கண்டம் முழுவதையும் படம் எடுத்தது. ராடாருக்கு மேகமும் இருட்டும் தடையில்லை.

அந்த ஷிர்மாகர் நிலத்தில்தான் நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. அதன் பக்கத்துப் பனியாறு ஒன்றுக்கு நம்மவர்கள் வைத்த பெயர் தட்சிண கங்கோத்ரி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1983 முதல் அதன் நுனியைக் கவனித்து வருகிறார்கள். வேலை என்னவோ நம் சர்வேயர் செய்வதுதான்: அசையாத இடத்தில் குறி வைத்து, அங்கிருந்து பனி விளிம்பு வரை அளப்பது, அடுத்து வரும்போது மறுபடி அளப்பது. ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மீட்டருக்கும் குறைவாகப் பின்வாங்குகிறது என்று தெரிந்தது இந்தப் பொறுமையால்தான். இதே பெயரில் 1983-84இல் பனித்தட்டின் மேல் கட்டிய நம் முதல் நிலையத்தைப் பனியே மூடிவிட்டது, 1990இல் கைவிட்டார்கள்.

சரி, பெயருக்கு அதிகாரி யார்? யாருமில்லை. 1959ஆம் ஆண்டு ஒப்பந்தம் நாடுகளின் நில உரிமைக் கோரிக்கைகளை அப்படியே நிறுத்தி வைத்தது. ஆகவே அவரவர் பெயர் அவரவருக்கு. ஸ்கார் என்ற பன்னாட்டு அறிவியல் குழு எல்லாப் பெயர்களையும் ஒரே பட்டியலில் சேர்க்கிறது. எது சரி என்று தீர்ப்புச் சொல்வதில்லை.

அங்கே லாம்பர்ட் என்றொரு மாபெரும் பனியாறு உண்டு. 1952இல் அமெரிக்கரான ராஸ்கோ, விமானப் படங்களை ஆராய்ந்து அதற்கு 'பேக்கர் த்ரீ' என்று பெயர் வைத்தார். படமெடுத்த விமானக் குழுவின் குறிப்புப் பெயர் அது. பெயர்ப் பட்டியல் நூலிலும் ஏறியது. ஆனால் அச்சான வரைபடத்தில் உடனே ஏறவில்லை. 1956இல் ஆஸ்திரேலியர்கள் அப்பகுதியை வரைந்து, மறு ஆண்டு தங்கள் வரைபடத் துறை இயக்குநர் லாம்பர்டின் பெயரைச் சூட்டினார்கள். அதுவே நின்றது. பத்திரத்தில் என்ன பெயர் இருந்தாலும் கூரியர்காரர் வாசல் பலகையைத்தானே பார்க்கிறார்!

இதை ஏன் நம் கூட்டத்தில் சொல்கிறேன்? நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஓடைக்குக் கைப்பேசி வரைபடத்தில் பெயரும் இல்லை, கோடும் இல்லை. நாளை யாராவது மண்ணைக் கொட்டி மூடினால், மனுவில் எந்த ஓடை என்று எழுதுவீர்கள்? பழைய கிராம வரைபடத்தைத் தேட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் தாலுகா அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் கேட்கப் போகிறேன். உடன் வர இரண்டு பேர் வேண்டும். அந்த ஓடையின் பழைய பெயர் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அதற்குள் கேட்டு எழுதி வையுங்கள்.