பாடவேளை பிள்ளைகள் பேசுவதற்கே



ஆங்கிலப் பாடவேளை 45 நிமிடம், வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பாடத்தை வாசித்து, வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லி, கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப்போட 35 நிமிடம் போய்விடும். மிஞ்சும் 10 நிமிடத்தை நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 15 விநாடி. அதில் பெயரையும் ஊரையும் சொல்லலாம். ஒரு கருத்தைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தும் நேர்காணலில் வாய் திறக்கவில்லையே என்று பிள்ளைகளைக் குறை சொல்கிறோம். பேச நேரம் எப்போது கொடுத்தோம்? கிராமத்துப் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் பேசத் துணை இல்லை. அந்தத் துணை கிடைக்கும் ஒரே இடம் வகுப்பறை. அங்கே, தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையைச் செய்து நேரத்தைத் தீர்த்துவிடுகிறோம். அந்த வேலையை வெளியே அனுப்பிவிட்டு, பாடவேளையைப் பேச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதைத் தலைகீழ் வகுப்பறை என்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மனும் ஏரன் சாம்ஸும், விளையாட்டுப் போட்டிக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்காகப் பாடத்தைப் பதிவுசெய்தார்கள். பிறகு எல்லோரையுமே அதை வீட்டில் பார்த்துவரச் சொல்லி, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கினார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. விரிவுரை கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் தோற்றார்கள். தாமே இயங்கிப் படித்தவர்களில் 22 பேர்தான் தோற்றார்கள் என்றது அது. அவை கல்லூரிப் பாடங்கள், மொழிப்பாடம் அல்ல என்பது உண்மை. ஆனால் மொழிக்கு அந்த நியாயம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். வேதியியல் கணக்கைத் தனியே போட்டுப் பழகலாம். உரையாட எதிரே ஓர் ஆள் வேண்டும். பாடத்தின் கருத்தையும் பத்துப் புதுச்சொற்களையும் பிள்ளை முன்பே தெரிந்துகொண்டு வந்தால், வகுப்பில் இருபது ஜோடிகள் ஒரே நேரத்தில் பேசலாம். 30 நிமிடம் அப்படி நடந்தால் ஒவ்வொருவருக்கும் 15 நிமிடப் பேச்சு. விநாடி நிமிடமாகிவிடுகிறது.

கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது, 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. இருக்கும் ஒரே கைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் வீடுகள் எத்தனையோ! ஆனால் இந்த முறைக்கு உயிர் காணொளி அல்ல, முன்தயாரிப்பு. அதற்கு ஒரு பக்க அச்சுத்தாள் போதும். தயாராகாமல் வரும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒரு மூலையில் அதைப் படித்துவிட்டுச் சேர்ந்துகொள்ளட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தப்பாகப் பேசும் இருவர் சேர்ந்தால் தப்புத்தானே வளரும்? இதைச் சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளிகளில் நடந்த திட்டத்தில், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துப் பிள்ளைகளைச் சிந்திக்க வைத்து ஆங்கிலம் கற்பித்தவர் என். எஸ். பிரபு. செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றிப் பேசும் உலகம் இன்றும் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. அவரே இந்த அச்சத்தால் குழுப்பயிற்சியைத் தவிர்த்தார். அவர் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் தயாரிப்பு இல்லாமல் பேச விட்டால்தான் அந்த ஆபத்து முழுதாக இருக்கிறது. சரியான வாக்கியங்களை முன்பே படித்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து வந்த பிள்ளையிடம் ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. அதோடு, கரும்பலகையை விட்டு விடுபட்ட ஆசிரியர் ஜோடி ஜோடியாகப் போய்க் காதுகொடுத்துக் கேட்டு, அந்த இடத்திலேயே திருத்தலாம். நாற்பது பேருக்கும் பொதுவாகச் சொல்லும் இலக்கண விளக்கத்தைவிட, தன் வாக்கியத்துக்குக் கிடைத்த ஒரு திருத்தம் பிள்ளையின் மனதில் நிற்கும்.

கடைசியாக, தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கான 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லாதபோது, பேச்சுக்குப் பாடவேளையைக் கொடுக்கும் ஆசிரியரைத் தலைமையாசிரியரும் பெற்றோரும் எப்படி ஏற்பார்கள்? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. சென்னை மாநிலத்தில் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தர முனைந்த அரசு இது. மனம் வைத்தால் பேச்சைத் தேர்வில் சேர்ப்பதையும் செய்ய முடியும். ஆகவே இந்த அவை இரண்டு கோரிக்கைகளை அரசின் முன் வைக்க வேண்டும்: பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 20 மதிப்பெண்ணைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தயாரிப்புத் தாளைப் பாடநூலோடு சேர்த்து அச்சிட்டுக் கொடுங்கள். ஆசிரியர்களே, அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு பாடவேளையை அடுத்த வாரமே பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.