பழைய காரில் எரியும் மஞ்சள் விளக்கு



தோட்டத்தில் வாழும் நமக்குக் கார் ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், வயதான தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், பட்டணத்தில் சாமான் வாங்கி வரவும் அதுதான் நமக்குக் கால். பெரும்பாலும் அது 15, 20 ஆண்டுகள் ஓடி, கைமாறி வந்த பழைய காராக இருக்கும். ஒரு நாள் அதன் ஸ்டியரிங்குக்கு முன்னால், எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "கன்வர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் ஒரு மாதச் சம்பளமே கரைந்துவிடும் போலிருக்கிறது. மாற்றுவதா, வேண்டாமா? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது புகைக்குழாயில் பொருத்தப்பட்ட ஓர் உலோகப் பெட்டி. அதனுள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் இருக்கும். அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் விலையுயர்ந்த உலோகங்களைப் பூசியிருப்பார்கள். அது சூடேறியதும் எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகையைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது.

இந்த வேலை சரியாக நடக்க வேண்டுமானால், 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற அளவில் எஞ்சினுக்குள் கலவை செல்ல வேண்டும். இந்த அளவைக் கண்காணிப்பதுதான் ஆக்ஸிஜன் சென்சர். 1976-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வால்வோ கார்களில் முதன்முதலாக இது இடம்பெற்றது. பல கார்களில் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு சென்சர்கள் உண்டு. முன்னது கலவையைச் சொல்லும். பின்னது கன்வர்ட்டரின் வேலையைச் சொல்லும். இரண்டையும் காரிலுள்ள கணினி ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் எழுந்தால் விளக்கை எரிய விடும்.

ஐயம் என்றுதான் சொன்னோம். தீர்ப்பு என்று சொல்லவில்லை. "இந்த மரத்தில் பால் குறைந்துவிட்டது" என்று கங்காணி சொன்னால், உடனே மரத்தை வெட்டிவிடுவோமா? வெட்டு சரியாக விழுந்ததா, மழை பெய்ததா, கோப்பையில் ஓட்டையா என்று பார்க்க மாட்டோமா? அதே நிதானம் இங்கும் வேண்டும்.

முதலில் விளக்கைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால், சற்று நேரம் எடுத்துச் சோதிக்கலாம். விட்டு விட்டு மின்னினால், எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும். ஆகவே பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கருவி காட்டும் குறியீட்டு எண்ணை அழிப்பதற்கு முன் தாளில் எழுதி வாங்குங்கள். பி 0420 என்றால், கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்வதாகத் தெரியவில்லை என்பது பொருள். பி 0171 என்றால், கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது காற்று அதிகம் என்பது பொருள். இரண்டாவது எண்ணைக் கண்டு சென்சரை மாற்றுவோர் பலர். ஆனால் வெடித்த காற்றுக்குழாயால் வெளிக்காற்று உள்ளே புகுந்திருந்தால், சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்னவனைத் தண்டிப்பது முறையா?

மூன்றாவதாக, செலவில்லாத சோதனைகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, புகைக்குழாயின் இணைப்புகளில் "புஸ்" என்ற சத்தம் வருகிறதா, கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் காற்று புகுந்து சென்சரை ஏமாற்றும். சென்சரின் கம்பி சூடான குழாயில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான்காவதாக, சென்சரையே சோதிக்கச் சொல்லுங்கள். பழைய கார்களில் உள்ள சாதாரணச் சென்சர், எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்க வேண்டும். முன் சென்சர் அப்படி ஆடும்போது பின் சென்சர் அதிகம் ஆடாமல் நின்றால், கன்வர்ட்டர் உழைக்கிறது. முன்னது ஆடுவது போலவே பின்னதும் ஆடினால், குழாயில் ஓட்டையும் இல்லையென்றால், கன்வர்ட்டர் தேய்ந்துவிட்டது என்று நம்பலாம். முன் சென்சர் ஒரே எண்ணில் நின்றுவிட்டால், எண்ணெயைச் சட்டென்று மிதித்துப் பார்க்க வேண்டும். உடனே உயர்ந்தால் சென்சருக்கு உயிர் இருக்கிறது. குற்றம் வேறு இடத்தில். அசையவே இல்லையென்றால் சென்சரையும் அதன் கம்பியையும் சந்தேகிக்கலாம். சென்சரின் விலை, பெரும்பாலும் கன்வர்ட்டரின் விலையைவிட மிகக் குறைவு.

கார் மேடேறத் திணறுகிறதா? குளிர்ந்த பெட்டியை மெல்லத் தட்டினால் உள்ளே கலகலக்கிறதா? அப்படியானால் தேன்கூடு உடைந்து வழியை அடைத்திருக்கக்கூடும்.

கன்வர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தாலும், "ஏன் கெட்டது?" என்று கேட்க மறவாதீர்கள். எஞ்சின் ஆயில் எரிகிறதா? ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? ஸ்பார்க் பிளக் பழுதா? நோயைத் தீர்க்காமல் புதியதை மாட்டினால், அதுவும் சில காலத்தில் அதே வழியில் போகும். பழைய பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு.

"உள்ளே இருப்பதைக் குடைந்து எறிந்துவிடலாம், செலவு மிச்சம்" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். அந்தப் பெட்டி மாற்றும் நச்சுகளில் ஒன்றான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, மனிதனைக் கொல்லவல்லது. குழாயில் ஓட்டையும் சேர்ந்தால், அது காருக்குள்ளேயே புகலாம். எந்தக் காரையும் மூடிய கொட்டகையில் ஓடவிடாதீர்கள். காய்ந்த லாலாங் புல்மேல் சூடான காரை நிறுத்தவும் வேண்டாம்; கன்வர்ட்டரின் சூட்டில் புல் தீப்பற்றும்.

ஆகவே நேயர்களே, விளக்கு எரிந்ததும் பணப்பையைத் திறக்காமல், முதலில் வாயைத் திறப்போம். "எந்த எண் வந்தது? எப்படிச் சோதித்தீர்கள்? காரணம் என்ன?" இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். பதில் சொல்லாதவரிடம், வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் கொடுக்க நாம் அவசரப்பட வேண்டியதில்லை.